நாட்றம்பள்ளிக் கல்லும் நாலு மணிச் சொற்பொழிவும்

குடியாத்தம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பல்கலைக்கழகங்களில் பூமி அறிவியல், கோள் அறிவியல் பற்றிப் பொதுச் சொற்பொழிவு, கருத்தரங்கு என்று அடிக்கடி அறிவிப்பு கண்ணில் படுகிறது. என்னைப் போன்ற வெளியாள் போகலாமா? போனால் புரியுமா? என் பிள்ளைகளுக்குச் சொல்ல அதிலிருந்து ஏதாவது தேறுமா?"

போகலாம், பாதி புரியும், நிறையத் தேறும். புரியாத மீதிப் பாதியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் டீச்சர். அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்களிலேயே பலருக்குப் பாதிதான் புரிகிறது. பாறையின் வயதைக் கணக்கிடுபவருக்கு நிலநடுக்க அலை வராது, நிலநடுக்கக்காரருக்குச் செவ்வாயின் தூசிப்புயல் வராது. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் தலையாட்ட அவர்கள் பழகியிருக்கிறார்கள், நாம் பழகவில்லை, அவ்வளவுதான். நான் நிலவியல் படித்து முப்பது வருஷம் கல்லோடு பிழைத்தவன். இன்றைக்கும் சில சொற்பொழிவுகளில் பத்தாவது நிமிஷத்திலேயே கரையில் நின்றுவிடுவேன்.

முதலில் பெயர்க் குழப்பம். பள்ளிப் புத்தகத்தில் புவியியல் என்றால் ஜியாகிரபி. ஆனால் ஜியாலஜியைக் கவனிக்கும் அரசுத் துறையின் பலகையில் 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை' என்றுதான் இருக்கும். கல்லூரிகளில் நிலவியல் என்பார்கள், புவியமைப்பியல் என்பார்கள். ஆகவே அழைப்பிதழின் தலைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கீழே இருக்கும் நாலு வரிச் சுருக்கத்தைப் படியுங்கள். 'எர்த் அண்ட் பிளானட்டரி சயின்ஸ்' என்று போட்டிருந்தால் பாறை, எரிமலை, நிலநடுக்கம், கடல், காற்றுமண்டலம், நிலா, செவ்வாய், விண்கல் எதுவும் வரலாம்.

இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நிலாவில் வெள்ளையாகத் தெரியும் மேட்டு நிலம் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற பாறை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் தரையிலேயே கிடக்கிறது. பெங்களூரில் லேண்டரை இறக்கிப் பார்க்க இஸ்ரோவுக்குப் போலி நிலா மண் தேவைப்பட்டபோது அந்தக் கல்லைத்தான் அரைத்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறைக்காரர்கள் அதில் உதவினார்கள். பிறகு 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கி, பிரக்யான் ஊர்தி அங்கங்கே நின்று மண்ணின் தனிமங்களை அளந்தது. 2024இல் வெளிவந்த ஆய்வில் அந்த மண்ணும் அனார்த்தோசைட் சாயலில்தான் இருப்பதாகச் சொன்னார்கள். நிலா ஒரு காலத்தில் உருகிய குழம்புக் கடலாக இருந்து, எடை குறைந்த கனிமம் பாலாடை மாதிரி மேலே மிதந்து உறைந்தது என்ற கருத்துக்கு அது இன்னொரு சான்று. இனி நாமக்கல்லில் ஒரு கல்லைக் காலால் இடறினால் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

சொற்பொழிவில் பல வகை உண்டு. பொதுச் சொற்பொழிவு என்று வெளிப்படையாகப் போட்டிருப்பது உங்களுக்கானது. பேசுபவர், வந்திருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது என்ற எண்ணத்தோடு வருவார். துறைக்குள் வாரா வாரம் நடக்கும் செமினார் வேறு. பெரும்பாலும் மாலை நாலு மணிக்கு, முப்பது நாற்பது பேர், அரை இருட்டில், ஆய்வாளர் தன் வேலையைச் சக ஆய்வாளர்களுக்குச் சொல்வது. மொழி கடினம், ஆனால் ருசியும் அதில்தான் அதிகம். மூன்றாவது, 'தேசிய அளவிலான இருநாள் கருத்தரங்கு' வகை. குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, சிறப்பு விருந்தினர் அறிவியலின் பெருமையைப் பேசி முடிப்பதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிடும். பதிவுக் கட்டணமும், கடைசியில் ஒரு சான்றிதழும் உண்டு. சான்றிதழ் வேண்டுமென்றால் போங்கள். என் ஓட்டு முதல் இரண்டுக்குத்தான்.

வாசலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒரு வளாகத்துக்குப் போனேன். ஊர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். சுவரொட்டியில் 'அனைவரும் வருக' என்று பெரிய எழுத்தில் இருந்தது. வாசலில் இருந்த செக்யூரிட்டி, "எந்த டிபார்ட்மென்ட், யாரைப் பார்க்கணும்?" என்றார். சொற்பொழிவு கேட்க வந்தேன் என்றேன். அப்படி ஒரு காரணம் அவருடைய நோட்டில் இல்லை. அவர் ஒருவருக்குப் போன் செய்ய, அந்த ஒருவர் இன்னொருவருக்குச் செய்ய, நான் அரங்குக்குள் நுழையும்போது திரையில் 'நன்றி' என்ற படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மேல் தப்பில்லை, உள்ளே இருந்தவர்கள் அவருக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து முதல் நாளே துறை அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஏற்பாடு செய்பவரின் பெயரையும் அரங்கின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்கிறேன். அழைப்பிதழ் போனில் இருக்கட்டும், பள்ளி அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால் தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம். இது போதும்.

இனி அந்தச் சுருக்கத்தை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். அதில் அடிக்கடி வருவது ஒரு எண்ணும் பக்கத்தில் 'ஜிஏ' அல்லது 'எம்ஏ'வும். பட்டம் இல்லை. ஜிஏ என்றால் நூறு கோடி ஆண்டு, எம்ஏ என்றால் பத்து லட்சம் ஆண்டு. '2.5 ஜிஏ' என்றிருந்தால் 250 கோடி ஆண்டு என்று மனசுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். வேலூரைச் சுற்றி நிற்கிற மலைகளின் பாறைகள் பெரும்பாலும் அந்த வயதுதான். அடுத்து 'சிர்கான்' என்ற சொல் வந்தே தீரும். மணலைவிடச் சின்னதாகக்கூட இருக்கும் ஒரு படிகம். உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. ஆகவே பிற்பாடு அதற்குள் ஈயம் இருந்தால், அது யுரேனியம் சிதைந்து வந்த ஈயம். யுரேனியம் 238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு, யுரேனியம் 235க்குச் சுமார் 70 கோடி ஆண்டு. ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் நம்பலாம், காட்டாவிட்டால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. செமினார்களில் பாதிச் சண்டை இந்த 'ஏதோ' எது என்பதில்தான்.

ஒரு மணி நேரத்தில் முதல் பதினைந்து நிமிஷம் எல்லோருக்கும், நடு அரைமணி அந்தத் துறைக்காரர்களுக்கு, கடைசி ஐந்து நிமிஷம் மறுபடி எல்லோருக்கும். நடுப்பகுதியில் குறிப்பு எடுக்க அல்லாடாதீர்கள். வரைபடம் வந்தால் கீழ்க்கோட்டில் என்ன, பக்கக்கோட்டில் என்ன என்று மட்டும் பாருங்கள். அதற்குள் அடுத்த படம் வந்துவிடும், பரவாயில்லை. ஆனால் பேச்சு முடிந்து கைதட்டியதும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு வரும் கேள்வி நேரத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பாடப் புத்தகம் முடிவை மட்டும் சொல்லும். அந்த முடிவை நாலு பேர் தட்டிப் பார்ப்பதையும், சொன்னவர் அதைத் தாங்கிப் பிடிக்கிறாரா, இல்லை 'நீங்கள் சொல்வது சரிதான்' என்று விட்டுக்கொடுக்கிறாரா என்பதையும் நேரில் அங்கேதான் பார்க்க முடியும்.

இதன் அருமை எனக்கு உறைத்தது ஒரு நாட்றம்பள்ளிச் சம்பவத்தில். 2016 பிப்ரவரி 6ஆம் தேதி அங்கே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய வெடிச்சத்தம். பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார், மூன்று பேருக்குக் காயம். சன்னல் கண்ணாடிகள் உடைந்தன, தரையில் ஒரு சின்னப் பள்ளம், பக்கத்தில் கருநீலமாக ஒரு கல். விண்கல் விழுந்து மரணம் என்று மாநில அரசே அறிவித்து நிவாரணமும் அறிவித்தது. விண்கல் அடித்துச் செத்த மனிதர் என்று நவீன காலத்தில் உறுதியான பதிவு இல்லாததால், உலகப் பத்திரிகைகள் அத்தனையிலும் நம் பழைய வேலூர் மாவட்டத்தின் பெயர். சில நாளில் நாசா விஞ்ஞானிகள், வெளிவந்த படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் இருக்கிறது என்றார்கள். நிவாரணம் கொடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எப்படி இறந்தாலும் அந்த வீட்டுக்கு இழப்பு இழப்புதான். என் விஷயம் வேறு.

அந்த வாரம் ஆம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், விழுந்த கல்லைத் தொட்டா சுடுமா?" என்றான். அவன் கேட்ட ஒரு கேள்வியை அந்த வாரம் தொலைக்காட்சியில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. பதில் என்னவென்றால், பெரும்பாலும் சுடாது. விண்கல் காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போது நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகம். மேல்தோல் உருகி வழிந்து போகும், அதுதான் நாம் பார்க்கும் தீப்பந்து. ஆனால் கைக்கடக்கமான கல்லாக இருந்தால் காற்று அதைப் பிடித்து இழுத்து, பல கிலோமீட்டர் உயரத்திலேயே அந்த வேகத்தைப் பறித்துவிடும். மீதித் தூரம் மாடியிலிருந்து போட்ட கல் மாதிரி விழும், மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் அளவில். பல கோடி ஆண்டு விண்வெளிக் குளிரில் கிடந்த உள்பகுதிக்குச் சூடேற நேரமே இருக்காது. தரையில் ஒரு சின்னக் குழி விழும், கூரையை ஓட்டை போடும், ஆள் மேல் விழுந்தால் எலும்பு முறியும். 1954இல் அமெரிக்காவின் அலபாமாவில் கூரையைத் துளைத்து வந்த கல் ஒன்று சோபாவில் தூங்கிய ஒரு பெண்ணின் இடுப்பில் பட்டது. பெரிய கன்றிய காயத்தோடு தப்பினார். வெடிப்பு, தீ எதுவும் இல்லை.

தரையில் வந்து வெடிக்க வேண்டுமென்றால் வேகம் குறையாமல் வரும் அளவுக்குப் பெரிசாக இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்து லோனார் பள்ளம் 1.8 கிலோமீட்டர் அகலம், அப்படி வந்ததுதான். ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் 2013 பிப்ரவரி 15இல் வந்த 20 மீட்டர் கல்கூட வானத்திலேயே சிதறியது. அங்கே காயம்பட்ட சுமார் 1,500 பேரில் பெரும்பாலோரைக் குத்தியது உடைந்த சன்னல் கண்ணாடி. அப்படியானால் சின்னக் கல்லால் பள்ளமே விழாதா? இப்படி நான் அடித்துச் சொன்னால் எந்த நல்ல செமினாரிலும் ஒருவர் கை தூக்குவார்: "பெருவில் 2007?" ஆமாம், பெரு நாட்டின் கராங்காஸ் கிராமத்தில் அந்த வருஷம் செப்டம்பரில் விழுந்த கல் 13 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்தது. கல் ரகத்து விண்கல் அப்படிச் செய்யாது என்று நினைத்திருந்தவர்களுக்கு அது தலைவலி. ஊர் கடல்மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரம், காற்று மெலிசு, கல்லும் உடையாமல் வந்திருக்கிறது என்று பிறகு விளக்கம் தேடினார்கள்.

ஆக, நாட்றம்பள்ளிச் செய்தியை ஒரு செமினார் அரங்கில் வைத்திருந்தால் என்ன கேட்டிருப்பார்கள்? தீப்பந்தை யாராவது பார்த்தார்களா? கல்லின் மேல் உருகி உறைந்த கறுப்புத் தோல், நகக்கனம் கூட இல்லாத மெல்லிய தோல், இருக்கிறதா? வெட்டிப் பார்த்தால் நிக்கல் கலந்த இரும்புத் துகள் மின்னுகிறதா? கடுகு மாதிரி உருண்டைகள் தெரிகின்றனவா? சுற்றுவட்டாரத்தில் வேறு துண்டுகள் கிடைத்தனவா? இந்த ஐந்தையும் உங்கள் வகுப்புக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒரு பாடவேளை முழுக்க ஓடும்.

அரசு அறிவிப்பு மட்டும்தான் திருத்தப்படும் என்று நினைக்க வேண்டாம். நம் காவலூர் வான் ஆய்வகமே ஓர் உதாரணம். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு அப்பால், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 1972இல் அங்கே ஒரு மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை நிறுவினார்கள். அதே வருஷம் வியாழனின் பெரிய நிலாவான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தது. நட்சத்திரத்தின் ஒளி பட்டென்று அணையாமல் மங்கி அணைந்தால் அங்கே காற்று இருக்கிறது என்று பொருள். காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பார்த்தார்கள். கானிமீடுக்குக் காற்றுமண்டலம் உண்டு என்று அறிவிப்பு வந்தது, பெருமையாகவும் இருந்தது. 1979இல் வாயேஜர்-1 பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அவ்வளவு அடர்த்தி இல்லவே இல்லை. பிறகு 1990களில் ஹபிள் தொலைநோக்கி, மிக மிக மெல்லிய ஆக்சிஜன் உறை ஒன்று இருப்பதைக் காட்டியது. அப்படியென்றால் காவலூர்க்காரர்கள் சொன்னது சரியா, தப்பா? இதை வைத்தே ஒரு பட்டிமன்றம் நடத்தலாம். என்னைக் கேட்டால், இருக்கிறது என்றது சரி, எவ்வளவு என்றது தப்பு. இதே உத்தியில்தான் 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்கள் வெளிப்பட்டன. அன்றிரவு காவலூர் தொலைநோக்கியும் அந்த மங்கலைப் பதிவு செய்தது.

காவலூருக்கு இன்னும் போகவில்லையென்றால் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் போய்வாருங்கள். 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. 1988இல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள், எண் 4130. சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு நேரம் ஒதுக்குவது வழக்கம், கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். மேகம் இருந்தால் வெறும் குரங்கு பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

இப்போது நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது: வெறுங்கையோடு போகாதீர்கள். நம் மாவட்டத்துக் கேள்வி ஒன்றை எடுத்துப் போங்கள், முடிந்தால் கல்லையே எடுத்துப் போங்கள். வட ஆர்க்காட்டில் கேள்விக்குப் பஞ்சமில்லை.

சார்னோக்கைட் இருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லைப் பார்த்து, தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் வைத்த பெயர். ஆனால் கல் நம் பக்கத்துக் கல், பல்லாவரம் குன்றுகளில் இருப்பது. வேலூர் சுற்றுவட்டார மலைகளிலும் அதே ரகம் உண்டு. புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு கரும்பச்சை மினுக்கம் தெரியும். அதைத் தேய்த்துத் தேய்த்து 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு, தலைமுடியைவிட மெலிசாக்கிக் கண்ணாடியில் ஒட்டி நுண்ணோக்கியில் வைத்தால் கல்லுக்குள் வெளிச்சம் போகும். மேடையைத் திருப்பத் திருப்ப ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறும், மறுபடி திரும்பும். முதல் தடவை பார்த்த அன்று நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. இந்தப் பாறை உருவாக 700, 800 டிகிரி வெப்பம் வேண்டும், இருபது கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் வேண்டும், தண்ணீர் மிகக் குறைவாக இருக்க வேண்டும். மேலே இருந்த அவ்வளவும் தேய்ந்துபோய்த்தான் இது வெளியே வந்திருக்கிறது. அது எங்கே போனது என்று கேளுங்கள்.

திருப்பத்தூர் அருகே சேவாத்தூர் இன்னொன்று. அங்கே கார்பனடைட் என்ற பாறை, சுமார் 75 முதல் 80 கோடி ஆண்டு வயது. சுண்ணாம்புக்கல்லின் சாதிதான், ஆனால் கடலில் படிந்தது இல்லை, குழம்பாக உள்ளிருந்து வந்தது. உலகத்தில் இன்றைக்கு இந்தக் குழம்பைக் கக்கும் எரிமலை தான்சானியாவின் ஓல் டோயின்யோ லெங்காய் ஒன்றுதான். அதன் குழம்பு 500, 600 டிகிரிதான், மற்ற எரிமலைகளோடு பார்த்தால் பாதிச் சூடு. பாகு மாதிரி இல்லாமல் எண்ணெய் மாதிரி ஓடும். சேவாத்தூரில் வெர்மிகுலைட் சுரங்கமும் உண்டு. பழுப்பு நிறத்தில், மைக்கா மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் கனிமம். பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் வாட்டுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அடுக்குகளுக்கு நடுவே மாட்டியிருக்கும் தண்ணீர் ஆவியாகி, துண்டு நெளிந்து நெளிந்து புழு மாதிரி நீளும். பொன்னிறமாகி, கையில் வைத்தால் பொரி கனம்தான் இருக்கும். செடி வளர்க்கும் கடைகளில் பையில் விற்பது இதே சரக்குதான்.

வேலூரில் ஒரு கல்லூரியில் பாறை எப்படி உடைகிறது என்று ஒருவர் பேசினார். மாணவி ஒருத்தி தன் அப்பாவைக் கூட்டிவந்திருந்தாள், கல் குவாரியில் உளி பிடிப்பவர். கேள்வி நேரத்தில் அவர் எழுந்து, "ஒரே பாறையில ஒரு பக்கமா உளி வச்சா வெண்ணெய் மாதிரி பிளக்குது, குறுக்க வச்சா உளிதான் மழுங்குது, அது ஏன்?" என்றார். அரங்கில் அன்று கேட்டவற்றில் அதுதான் நல்ல கேள்வி. பேச்சாளர் விடையை இருபது நிமிஷம் சொன்னார்: கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் படிகங்களுக்குள் ஒரே திசையில் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தப் பாறை பூமிக்குள் இருந்தபோது எந்தப் பக்கம் நெருக்கப்பட்டது என்பதன் தழும்பு அது. ஆய்வகத்தில் நாள் கணக்கில் அளப்பதை இவர் உளியால் இரண்டு தட்டில் சொல்லிவிடுகிறார் என்றும் சொன்னார். சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை. முடிந்ததும் பேச்சாளரே அந்த அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து காகிதத்தில் படம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் ஊர்க் கேள்வி உங்களுக்கே தெரியும். 2021 நவம்பர் 29 அதிகாலை வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் ஒரு நில அதிர்வு, டிசம்பர் கடைசியில் மறுபடி இரண்டு மூன்று. பேரணாம்பட்டுப் பக்கம் சத்தத்தோடு பாத்திரம் ஆடியதென்று ஜனங்கள் தெருவில் வந்து நின்றார்கள். பயப்படும் அளவா? 2001இல் புஜ்ஜை அழித்த 7.7 நிலநடுக்கத்தின் ஆற்றல் இதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். ஓர் எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும் என்பதுதான் கணக்கு. அந்த வருஷம்தான் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியது என்பதும் நினைவிருக்கும். மழைநீர் பழைய விரிசல்களில் இறங்கி உள்ளழுத்தத்தைக் கூட்டினால் சின்னச் சின்ன அதிர்வுகள் வரலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. இங்கே நடந்தது அதுதானா என்று எப்படி நிரூபிப்பீர்கள், எத்தனை கருவியை எங்கே வைப்பீர்கள் என்று ஒரு நிலநடுக்க ஆய்வாளரைக் கேளுங்கள். அவர் மணியைப் பார்க்க மாட்டார்.

போகிற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காட்பாடியில் ரயில் ஏறினால் 130 கிலோமீட்டரில் சென்னை: கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி, தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். பெங்களூருக்குக் காலை பிருந்தாவனில் போனால் மத்தியானம் இறங்கி நாலு மணிச் செமினாருக்குப் போய்விடலாம். இந்திய அறிவியல் நிறுவனத்தில் புவி அறிவியலுக்குத் தனி மையமே இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் வளாகம் முழுவதையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள், பிள்ளைகளோடு போக அதுதான் சரியான நாள். நேரு கோளரங்கத்தில் நடக்கும் 'காபி வித் க்யூரியாசிட்டி' சொற்பொழிவுகள் நன்றாக இருக்கும், பலவற்றை யூடியூபிலும் பார்க்கலாம். உள்ளூரில் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளையும் ஆகஸ்ட் 23 விண்வெளி நாளையும் ஒட்டிக் கல்லூரிகளில் கூட்டம் நடக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்து மாவட்டக்காரர்களிடம் சொல்லிவைத்தால் தகவல் வந்து சேரும்.

கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள், பிள்ளைகளையும் தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள். மொழிபெயர்க்க யாராவது இருப்பார்கள். வேலூரில் ஒரு கூட்டத்தில், வடக்கிலிருந்து வந்த ஒருவர் கோள்களின் மலைகளைப் பற்றிப் பேசினார். செவ்வாயின் ஒலிம்பஸ் மலை 20 கிலோமீட்டருக்கு மேல் உயரம் என்றெல்லாம் படம் காட்டினார். முடிந்ததும் ஜோலார்பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஒன்பதோ பத்தோ படிப்பவள், எழுந்து, "ஏலகிரி மட்டும் ஏன் சார் தனியா நிக்குது?" என்றாள். பேராசிரியர் ஒருவர் மொழிபெயர்த்தார். பேச்சாளர் அந்த மலை எந்தப் பாறை என்று திருப்பிக் கேட்டார். சையனைட் என்ற பாறை (சயனைடு விஷம் இல்லை), குழம்பாக உள்ளே புகுந்து உறைந்தது என்றோம். சுற்றியிருந்த பாறை சீக்கிரம் தேய்ந்து, இது தேயாமல் நின்றிருக்கலாம், அது ஒரு காரணம், முழுக் காரணம் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றார். அப்புறம் பக்கத்தில் இருந்தவரிடம், இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று மெதுவாகக் கேட்டார். ஒலிபெருக்கி அணைக்காமல் இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. யாரும் மொழிபெயர்ப்பதற்குள் அவளே சொன்னாள்: "பஸ் இருக்கு சார்."